இழை: ஈசிஇ படிக்கும்போதே ஆர்எஃப் (ரேடியோ அதிர்வெண்) துறையைக் கையால் தொட்டுப் பார்ப்பது எப்படி?

தேனி_ஈசிஇ:
எல்லோருக்கும் வணக்கம். ஈசிஇ மூன்றாம் ஆண்டு. இந்த செமஸ்டரில் டிரான்ஸ்மிஷன் லைன்ஸ் பாடம் வந்திருக்கிறது, பிடித்தும் இருக்கிறது. கல்லூரி லேபில் க்ளைஸ்ட்ரான் (பழைய மைக்ரோவேவ் குழாய்) பெஞ்ச் மட்டும்தான், நெட்வொர்க் அனலைசர் (விஎன்ஏ) கிடையாது. வேலைத் தளங்களில் "ஆர்எஃப் இன்ஜினியர்" என்று தேடினால் பாதிக்கு மேல் டிரைவ் டெஸ்ட் வேலையாகவே வருகிறது. இதுதான் ஆர்எஃப்-ஆ? நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து கருவி வாங்கத் தயார். ஆறு மாதத்தில் இந்தத் துறை எனக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள என்ன செய்யலாம்?

ஐம்பது_ஓம்:
தம்பி, முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஒரே பெயரில் ஐந்தாறு தொழில்கள் இருக்கின்றன.

நீங்கள் பார்த்த விளம்பரங்கள் மொபைல் நெட்வொர்க் ஆப்டிமைசேஷன் வேலைகள். போன், ஜிபிஎஸ், லேப்டாப் எடுத்துக்கொண்டு வண்டியில் சுற்ற வேண்டும். ஆர்எஸ்ஆர்பி, ஆர்எஸ்ஆர்க்யூ, எஸ்ஐஎன்ஆர் என்ற சிக்னல் வலிமை, தர அளவுகள் பதிவாகும். ஆன்டெனாவை எத்தனை டிகிரி சாய்ப்பது, ஹேண்டோவர் எங்கே தோற்கிறது என்று அந்தப் பதிவிலிருந்து சொல்ல வேண்டும். மதிப்பான வேலைதான். ஆனால் அங்கே சர்க்யூட் வடிவமைப்பு இல்லை. நுழைவதற்குப் பணம் கட்டச் சொல்லும் "டிரெய்னிங் பிளஸ் பிளேஸ்மென்ட்" கடைகள் இந்தப் பிரிவைச் சுற்றித்தான் அதிகம். அங்கே பணம் கட்டாதீர்கள்.

வடிவமைப்புப் பக்கம் வேறு. ஆன்டெனா, போர்டு அளவிலான ஆர்எஃப் (ஆம்ப்ளிஃபையர், ஃபில்டர், சிந்தசைசர்), சிப் அளவிலான ஆர்எஃப்ஐசி, ரேடார், சாட்டிலைட் பேலோடு. இவற்றோடு இஎம்ஐ/இஎம்சி (ஒரு கருவியின் மின்காந்த இடையூறு மற்றதைக் கெடுக்காமல் பார்ப்பது) சோதனை, டெஸ்ட் அண்ட் மெஷர்மென்ட். பெங்களூரில் எல்ஆர்டிஇ (டிஆர்டிஓவின் ரேடார் ஆய்வகம்), பெல், இஸ்ரோவின் யுஆர்எஸ்சி, அகமதாபாத்தில் எஸ்ஏசி, ஹைதராபாத்தில் அஸ்ட்ரா மைக்ரோவேவ், சென்னை சிறுசேரியில் டேட்டா பேட்டர்ன்ஸ், தரமணியில் சமீர் (மத்திய அரசின் மைக்ரோவேவ் ஆய்வு நிறுவனம்). விளம்பரத்தின் தலைப்பை விட்டுவிட்டு, எந்தக் கருவிகளைக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். விஎன்ஏ, ஸ்பெக்ட்ரம் அனலைசர், ஹெச்எஃப்எஸ்எஸ், ஏடிஎஸ் போன்ற சிமுலேஷன் மென்பொருள் என்றிருந்தால் வடிவமைப்பு வேலை. டெம்ஸ் போன்ற மென்பொருள் என்றிருந்தால் நெட்வொர்க் வேலை.

மின்காந்தம்:
ஒரு நானோவிஎன்ஏ (கையடக்க நெட்வொர்க் அனலைசர்), ஓர் ஆர்டிஎல்-எஸ்டிஆர் (கணினியில் சொருகும் ரேடியோ ரிசீவர் டாங்கிள்). இரண்டும் போதும். ஆறு மாதம் என்ன, ஒரு வருடத்துக்கே வேலை இருக்கிறது.

நானோவிஎன்ஏ வாங்கும்போது அதிர்வெண்ணைப் பார்த்து வாங்குங்கள். மலிவான பழைய மாடல் 900 மெகாஹெர்ட்ஸ் வரைதான். அதிலும் 300-க்கு மேல் ஹார்மோனிக்கை வைத்து அளப்பதால் துல்லியம் குறையும். 2.4 கிகாஹெர்ட்ஸ் பேட்ச் ஆன்டெனா செய்யும் எண்ணம் இருந்தால் 3 கிகாவுக்கு மேல் போகும் மாடலை இப்போதே வாங்கிவிடுங்கள். உள்ளே தகரக் கவசம் இல்லாத போலிகளும் சந்தையில் உண்டு. கவசம் இல்லாவிட்டால் நுண்ணிய அளவுகள் இரைச்சலில் மூழ்கிவிடும்.

முதல் வாரம் ஆன்டெனா பக்கமே போகாதீர்கள். காலிப்ரேஷன் மட்டும். ஓப்பன், ஷார்ட், லோட் மூன்றையும் கேபிளின் நுனியில் மாட்டிச் செய்ய வேண்டும். கருவியின் வாயில் செய்துவிட்டுப் பிறகு ஒரு அடி கேபிள் சேர்த்தால், ஸ்மித் சார்ட்டில் (இம்பீடன்ஸைக் காட்டும் வட்ட வரைபடம்) புள்ளி வட்டமடித்து வேறெங்கோ போய் நிற்கும். கணக்கில் வந்த இண்டக்டர் திரையில் கெப்பாசிட்டராகத் தெரியும். நிறைய பேர் அதைப் பார்த்துக் கணக்கைச் சந்தேகிப்பார்கள். பிழை இருப்பது அளவு தொடங்கும் தளத்தில்.

இரண்டாவது பொறி: பழைய மாடல் ஒரு ஸ்வீப்பில் 101 புள்ளிதான் எடுக்கும். 0 முதல் 900 வரை வைத்தால் ஒவ்வொரு அடியும் 9 மெகாஹெர்ட்ஸ். குறுகிய ரெசனன்ஸ் இரண்டு புள்ளிக்கு நடுவே விழுந்து காணாமலே போகும். 100 முதல் 180 வரை என்று சுருக்கி, அந்த ரேஞ்சிலேயே மறுபடி காலிப்ரேட் செய்யுங்கள்.

பிறகு ஒரு ஃபில்டர். 5-ஆம் ஆர்டர் பட்டர்வொர்த் லோபாஸ், 100 மெகாஹெர்ட்ஸ், 50 ஓம். கணக்குப்படி 19.7 பிகோஃபாரட், 129 நானோஹென்ரி, 63.7 பிகோஃபாரட், 129, 19.7. இதைச் சாதாரணக் கால் நீண்ட டிஸ்க் கெப்பாசிட்டரில் ஒரு முறை, 0805 எஸ்எம்டியில் ஒரு முறை செய்து, இரண்டின் எஸ்21-ஐயும் (மறுமுனைக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்ற அளவு) ஒரே வரைபடத்தில் போடுங்கள். கம்பியில் மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 1 நானோஹென்ரி வரும். நடுக் கெப்பாசிட்டருக்கு இரண்டு காலும் சேர்ந்து 10 மிமீ இருந்தால் 10 நானோஹென்ரி. 63.7 பிகோவோடு அது 200 மெகாஹெர்ட்ஸில் ரெசனேட் ஆகும். அதற்கு மேல் அந்தக் கெப்பாசிட்டர் இண்டக்டராக நடந்துகொள்ளும். கீழே இறங்க வேண்டிய கோடு மேலே ஏறும். ஏன் ஏறுகிறது என்று தேடும் ஆர்வம் வருகிறதா என்று பாருங்கள். உங்கள் "ஒத்துவருமா" கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

தேனி_ஈசிஇ:
நன்றி அண்ணா. சிமுலேஷன் எப்போது கற்றுக்கொள்வது? எங்கள் சீனியர்கள் எல்லோரும் பேட்ச் ஆன்டெனா (போர்டில் அச்சிடும் செப்புத் தகடு) சிமுலேஷன் புராஜெக்ட்தான் செய்கிறார்கள்.

சிப்_லேஅவுட்:
மின்காந்தம் கருவியை மட்டும் சொல்கிறார், அதில் கொஞ்சம் மாறுபடுகிறேன். அளப்பது, சிமுலேஷன் இரண்டையும் ஒன்றாகவே தொடங்கலாம். க்யூக்ஸ்-எஸ் இலவசம், எஸ்-பாராமீட்டர் சிமுலேஷனுக்குப் போதும். ஓப்பன்இஎம்எஸ் இலவசம், முழு மின்காந்தக் கணக்கும் செய்யும், ஆனால் கட்டளை எழுதித்தான் ஓட்ட வேண்டும். ஹெச்எஃப்எஸ்எஸ் இலவச மாணவர் பதிப்பிலும் வருகிறது, மெஷ் அளவுக்கு வரம்பு உண்டு. பைத்தான் தெரிந்தால் சைகிட்-ஆர்எஃப் என்ற நூலகத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். நானோவிஎன்ஏ தரும் எஸ்2பி கோப்பைப் படித்து, சிமுலேஷன் கோட்டையும் அளந்த கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டுக் காட்டும்.

பேட்ச் விஷயத்துக்கு வருவோம். 1.6 மிமீ எஃப்ஆர்4 (சாதாரண சர்க்யூட் போர்டு), டைஎலக்ட்ரிக் மாறிலி 4.4, 2.45 கிகாஹெர்ட்ஸ். சூத்திரத்தில் போட்டால் அகலம் 37.3 மிமீ, நீளம் 28.8 மிமீ. 50 ஓம் லைன் அகலம் 3 மிமீ சொச்சம். இதுவரை எல்லா சீனியர் ரிப்போர்ட்டிலும் இருக்கும். இல்லாதது இதுதான்: கடையில் வாங்கும் எஃப்ஆர்4 உண்மையில் 4.4-ஆ என்பது யாருக்கும் தெரியாது. அது 4.2 ஆக இருந்தால் ரெசனன்ஸ் ஏறத்தாழ 2.3% மேலே போய் 2.5 கிகாவில் நிற்கும். இந்தப் பேட்சின் பேண்ட்விட்த் அறுபது எழுபது மெகாஹெர்ட்ஸ்தான். ஆக வைஃபை பேண்டின் பெரும்பகுதியை அது தவறவிடும்.

வழி: நீளத்தை முதலில் 29.5 மிமீ வைத்து அச்சிடுங்கள். அளந்து பாருங்கள். கிடைத்த அதிர்வெண்ணிலிருந்து உங்கள் போர்டின் உண்மையான மாறிலியைத் திருப்பிக் கணக்கிடுங்கள். பிறகு பிளேடால் சீவி 2.45-க்குக் கொண்டு வாருங்கள். சீவுவது எளிது. சேர்ப்பதற்குக் காப்பர் டேப்பை ஒட்டி சோல்டர் வைக்க வேண்டும், அது சுத்தமாக வராது.

மின்காந்தம்:
ஒப்புக்கொள்கிறேன், இப்படிச் செய்தால் சிமுலேஷனுக்குப் பொருள் உண்டு. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். எஸ்11 (திரும்பி வரும் சக்தியின் அளவு) -30 டிபி வந்துவிட்டது, ஆன்டெனா பிரமாதம் என்று ரிப்போர்ட்டில் எழுதாதீர்கள். 50 ஓம் டம்மி லோடுக்கு அதைவிட நல்ல எஸ்11 வரும். அது எதையும் வெளியே அனுப்பாது. எஃப்ஆர்4-இன் லாஸ் டேன்ஜென்ட் 0.02 அளவு, 2.45 கிகாவில் ஊட்டும் சக்தியில் நல்ல பங்கு போர்டையே சூடாக்கப் போகும். அந்த இழப்பே எஸ்11-ஐ அழகாகக் காட்டும். ஒரே மாதிரி இரண்டு பேட்ச் செய்து, ஒரு மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே வைத்து, எஸ்21 அளந்து, அதோடு பாதை இழப்பைக் கூட்டி, வந்ததைப் பாதியாக்குங்கள். ஒன்றின் கெயின் வரும். 2.45 கிகாவில் ஒரு மீட்டருக்குப் பாதை இழப்பு 40.2 டிபி. வகுப்பறையில் செய்தால் சுவர் எதிரொலி கெடுக்கும். மொட்டை மாடியில், இரண்டு மர ஸ்டூல் மேல் வைத்துச் செய்யுங்கள்.

மலைமேல்_ஆன்டெனா:
ரேடியோ அலையை வானத்திலிருந்து பிடிக்காமல் ஆறு மாதம் ஓட்டச் சொல்லாதீர்கள், பாவம். ஆர்டிஎல்-எஸ்டிஆர் 24 முதல் 1766 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும். சாட்டிலைட் படத்தில் தொடங்குங்கள்.

இணையத்தில் இருக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை அமெரிக்க வானிலை சாட்டிலைட்டுகளான நோவா 15, 18, 19 பற்றியவை. மூன்றும் 2025-இல் நிறுத்தப்பட்டுவிட்டன. அதைப் படித்துவிட்டு மாடியில் காத்திருக்காதீர்கள். இப்போது ரஷ்யாவின் வானிலை சாட்டிலைட்டுகளான மீட்டியோர்-எம் என்2-3, என்2-4 இரண்டையும் பாருங்கள். 137.9 அல்லது 137.1 மெகாஹெர்ட்ஸ், எல்ஆர்பிடி என்ற டிஜிட்டல் முறை. டீகோட் செய்ய சாட்டம்ப் (SatDump) மென்பொருள். பாஸ் (சாட்டிலைட் நம் வானத்தைக் கடப்பது) நேரத்தோடு அன்றைய அதிர்வெண்ணையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆன்டெனா: வி-டைபோல். கை ஒன்றுக்கு 53.4 செமீ, இரண்டுக்கும் இடையே 120 டிகிரி, தரைக்கு இணையாக, திறந்த வாய் வடக்கு அல்லது தெற்கு நோக்கி. சாட்டிலைட் வட்ட முனைவாக்கத்தில் அனுப்புகிறது, இது நேர்கோட்டு ஆன்டெனா, அதனால் 3 டிபி இழப்பு. படத்துக்கு அது தடையில்லை.

அனுப்புவது பற்றி ஒரு கண்டிப்பு. கேட்கும் கருவியிலிருந்து அனுப்பும் கருவிக்கு மாறும்போது சட்டம் மாறுகிறது. அமெச்சூர் ரேடியோவுக்கு ஏஎஸ்ஓசி (அமெச்சூர் நிலைய இயக்குநர் சான்றிதழ்) தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும். 12 வயது ஆனாலே எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் கிடையாது, அழைப்புக்குறி வியு3-இல் தொடங்கும். ஜெனரல் கிரேடுக்கு வியு2. மூன்றாம் ஆண்டு மாணவருக்குப் பாடத்திட்டம் பாதி ஏற்கெனவே தெரிந்ததுதான். உரிமம் இல்லாமல் குறைந்த சக்தியில் விளையாட 865–868 மெகாஹெர்ட்ஸ் இருக்கிறது, லோரா (குறைந்த சக்தியில் தொலைதூரம் தரவு அனுப்பும் முறை) மாட்யூல் அதில் ஓடும். வாங்கும்போது 915 மெகாஹெர்ட்ஸ் மாட்யூலைத் தலையில் கட்டிவிடுவார்கள், பார்த்து வாங்குங்கள். ப்ளூட்டோ போன்ற அனுப்பும் எஸ்டிஆர் கையில் இருந்தால், ஆன்டெனா மாட்டாமல், 30 டிபி அட்டெனுவேட்டரோடு கேபிளிலேயே அனுப்பிக் கேளுங்கள்.

கவசப்பெட்டி:
எல்லோரும் ஆன்டெனா பேசுகிறீர்கள். இஎம்சி பக்கம் யாரும் போகச் சொல்வதில்லை. விற்பனைக்கு வரும் மின்னணுப் பொருள்கள் பலவும் உமிழ்வு சோதனையில் தேற வேண்டும். தோற்ற போர்டை சரிசெய்யத் தெரிந்தவர்கள் குறைவு. மாணவர் கால் வைக்க இதைவிட நல்ல இடம் தெரியவில்லை.

சிஐஎஸ்பிஆர் 32 என்ற உமிழ்வுத் தரநிலையில் கேபிள் வழி உமிழ்வு 150 கிலோஹெர்ட்ஸ் முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை. காற்று வழி உமிழ்வு 30-க்கு மேல். வீட்டுப் பொருளுக்கு 10 மீட்டர் தூரத்தில் 30 முதல் 230 வரை 30 டிபி மைக்ரோவோல்ட்/மீட்டர்தான் எல்லை. சேம்பர் இல்லாமல் இதை நேரடியாக அளக்க முடியாது. ஆனால் மூலத்தைத் தேடிப் பிடிக்கலாம்.

மெல்லிய கோஆக்ஸியல் கேபிளின் நுனியை 1 செமீ விட்டத்துக்கு வளையமாக மடக்குங்கள். நடுக்கம்பியைத் திரும்பி வரும் இடத்தில் கவசத்தோடு சோல்டர் செய்யுங்கள். வளையத்தின் உச்சியில் கவசத்தில் மட்டும் 1 மிமீ வெட்டுங்கள். இதுதான் காந்தப்புல ப்ரோப். மறுமுனையில் டைனிஎஸ்ஏ (கையடக்க ஸ்பெக்ட்ரம் அனலைசர்). மலிவான எல்இடி பல்பு டிரைவரையோ மொபைல் சார்ஜரையோ மூடியைக் கழற்றாமல் வெளிப்பக்கமாகத் தடவிப் பாருங்கள். உள்ளே 230 வோல்ட், கழற்றவே வேண்டாம். ஸ்விட்சிங் அதிர்வெண்ணின் ஹார்மோனிக்குகள் சீப்புப் பல் மாதிரி வரும். வயரில் ஃபெரைட் வளையம் போட்டு எந்தப் பல் குறைகிறது, எது அசையவே இல்லை என்று குறித்து வையுங்கள்.

டைனிஎஸ்ஏ உள்ளீட்டின் உச்சம் +10 டிபிஎம். 5 வாட் வாக்கிடாக்கி +37 டிபிஎம். நேராகச் சொருகினால் கருவி போய்விடும். 40 டிபி அட்டெனுவேட்டர் போட்டால் -3 டிபிஎம், பாதுகாப்பு. அட்டெனுவேட்டரின் வாட் அளவையும் பாருங்கள். சிறிய எஸ்எம்ஏ வகை பெரும்பாலும் 2 வாட்தான் தாங்கும்.

தேனி_ஈசிஇ:
கவசப்பெட்டி அக்கா, ப்ரோப் அடுத்த மாதம் செய்கிறேன். இப்போது வி-டைபோல் முடிந்தது. 1.5 சதுர மிமீ வீட்டு வயரில், பிவிசி உரிக்காமல், கைக்கு 53.4 செமீ. நானோவிஎன்ஏவில் கேபிள் நுனியில்தான் காலிப்ரேட் செய்தேன். 137.5-க்குப் பதில் 131-இல் குழி விழுகிறது. கேபிளைப் பிடித்தால் கோடு நகர்கிறது.

மின்காந்தம்:
இரண்டும் தனித்தனிப் பிரச்சினைகள். கேபிளைத் தொட்டால் நகர்கிறது என்றால் கோஆக்ஸின் வெளிப்பக்கமும் ஆன்டெனாவின் ஒரு கையாக வேலை செய்கிறது. ஊட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே கேபிளை ஐந்தாறு சுற்று சுற்றிக் கட்டுங்கள், அல்லது ஃபெரைட் மணிகள் கோருங்கள். இதைத்தான் சோக் என்பார்கள். முதலில் இதைச் செய்யுங்கள். இது சரியாகாமல் நீளத்தை வெட்டினால் தவறான எண்ணைப் பார்த்து வெட்டுவீர்கள்.

அதற்குப் பிறகும் 131 என்றால் பிவிசி உறைதான் காரணம். காப்புறை அலையின் வேகத்தைக் குறைத்து, கம்பியை மின்னளவில் நீளமாக்கும். 53.4 × 131 ÷ 137.5 = 50.9 செமீ. ஒரே வெட்டாக 2.5 செமீ எடுக்காதீர்கள். இரண்டு பக்கமும் 1.5 செமீ வெட்டி, அளந்து, பிறகு மீதி.

ஐம்பது_ஓம்:
நேர்முகத் தேர்வு பற்றி யாரும் சொல்லவில்லை. அங்கே கேட்பது அடிப்படைதான், ஆனால் எண்ணோடு கேட்பார்கள். விஎஸ்டபிள்யூஆர் (லைனில் நிற்கும் அலையின் விகிதம்) 2 என்றால் எத்தனை சதவீதம் சக்தி திரும்பும்? 11. அறை வெப்பத்தில் ஒரு ஹெர்ட்ஸுக்கு இரைச்சல்? -174 டிபிஎம். 1 மெகாஹெர்ட்ஸுக்கு? -114.

அடிக்கடி வரும் கேள்வி: எல்என்ஏவை (குறைந்த இரைச்சல் ஆம்ப்ளிஃபையர்) ஆன்டெனா பக்கம் வைப்பதா, ரிசீவர் பக்கமா? "ஆன்டெனா பக்கம்" என்று சொல்லி நிறுத்தினால் மனப்பாடம். கணக்குப் போட்டுக் காட்டுங்கள். எல்என்ஏ இரைச்சல் எண் 1 டிபி, கெயின் 20 டிபி. கேபிள் இழப்பு 3 டிபி. ரிசீவர் 6 டிபி. எல்என்ஏ முதலில் என்றால் மொத்தம் 1.2 டிபி. கேபிள் முதலில் என்றால் 4.1 டிபி. கேபிளின் 3 டிபி அப்படியே மொத்தத்தில் ஏறிவிடுகிறது, பின்னால் எவ்வளவு கெயின் கொடுத்தாலும் அது திரும்ப வராது.

மேற்படிப்புக்கு கேட் ஈசி தாளில் எலக்ட்ரோமேக்னடிக்ஸை விட்டுவிடாதீர்கள். பயந்து பலர் விடுகிறார்கள். ஆர்எஃப்ஐசி பக்கம் போக எண்ணினால் எம்டெக் ஏறக்குறைய கட்டாயம். போர்டு, இஎம்சி, டெஸ்ட் பக்கம் பிஇ-யோடு நுழையலாம். பார்த்து வர வேண்டிய இடங்களும் உண்டு. ஊட்டி முத்தோரை ரேடியோ தொலைநோக்கி, 530 மீட்டர் நீளம், 326.5 மெகாஹெர்ட்ஸ். மலைச் சரிவு அந்த இடத்தின் அட்சரேகையான 11 டிகிரிக்கே இருப்பதால், ஒரே அச்சில் சுழற்றி விண்பொருளைப் பின்தொடர முடிகிறது. திருப்பதி பக்கம் கடங்கி ரேடார், 53 மெகாஹெர்ட்ஸ், 1024 யாகி ஆன்டெனா. கல்லூரி வழியாக அனுமதிக் கடிதம் எழுதிப் போங்கள்.

தேனி_ஈசிஇ:
சோக் போட்டு, வெட்டி, 137.6 வந்துவிட்டது. விஎஸ்டபிள்யூஆர் 1.3. ஆனால் மீட்டியோர் பாஸில் சிக்னல் தெரிகிறது, டீகோட் பூட்டவில்லை. கெயின் முழுதாக 49.6 வைத்திருக்கிறேன். ஸ்பெக்ட்ரத்தில் எங்கெங்கோ எஃப்எம் பாட்டு கேட்கிறது.

மலைமேல்_ஆன்டெனா:
தேனிக்கு நேர் மேலே கொடைக்கானல் எஃப்எம், 100.5, 10 கிலோவாட். உங்கள் டாங்கிள் 8 பிட். முழு கெயினில் அது நிரம்பி வழிகிறது. கெயினை 30-க்கு இறக்குங்கள். போதாவிட்டால் அந்த ஒரு அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டர்.

மின்காந்தம்:
நாட்சைக் கடையில் வாங்க வேண்டாம், இந்த செமஸ்டர் பாடத்திலேயே இருக்கிறது. ஆர்ஜி-58, வேகக் காரணி 0.66. 100.5-க்கு கால் அலை 49.2 செமீ. நுனி திறந்த ஸ்டப்பாக (பக்கக் கிளைக் கேபிள்) டி கனெக்டரில் மாட்டினால் 100.5 ஷார்ட் ஆகும். ஆனால் 137.9-இல் அதே ஸ்டப் +ஜே33 ஓம், அதனால் உங்களுக்கு வேண்டிய சிக்னலில் 2 டிபி போகும். அரை அலை, 98.4 செமீ, நுனி ஷார்ட் என்று செய்யுங்கள். 137.9-இல் +ஜே118 ஓம், இழப்பு 0.2 டிபிதான். நாட்ச் ஆழம் சுமார் 30 டிபி கிடைக்கும்.

1 மீட்டர் கேபிள் எடுத்து, வெட்டாமல், குண்டூசியைக் கவசம் வழியாக நடுக்கம்பி வரை குத்தி ஷார்ட் செய்துகொண்டே நகர்த்துங்கள். எஸ்21 குழி 100.5-க்கு வந்த இடத்தில் வெட்டி சோல்டர். இந்த ஸ்டப் டிசியையும் ஷார்ட் செய்யும். டாங்கிளின் பயாஸ்-டீ (கேபிள் வழியே டிசி அனுப்பும் வசதி) அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

தேனி_ஈசிஇ:
96.8 செமீ-இல் விழுந்தது. 100.5-இல் -27 டிபி. 137.9-இல் -0.4 டிபி. கெயின் 32. இன்று காலைப் பாஸில் டீகோட் பூட்டியது, இலங்கையும் தமிழ்நாட்டுக் கரையும் மேகத்தோடு தெரிகிறது. கணக்கில் 0.2 வந்தது, அளவில் 0.4. 98.4-க்குப் பதில் 96.8. ஏன்?

மின்காந்தம்:
நீளக் குறைவுக்கு டி கனெக்டரின் கையும் எஸ்எம்ஏ பிளக்கும் காரணம். அவையும் லைன்தான், ஸ்டப்பில் சேரும். வேகக் காரணியும் கேபிளுக்குக் கேபிள் கொஞ்சம் மாறும். 0.4-க்கு வருவோம்: த்ரூ காலிப்ரேஷன் (இரண்டு கேபிள் நுனிகளையும் நேராக இணைத்துச் செய்வது) செய்தபோது டி கனெக்டர் நடுவில் இருந்ததா, இல்லையா?